எந்தக் கன்றுக்கு ரிப்பன்?

1802-ம் வருஷம். லண்டன் மாநகரம். ஜனங்கள் காசு கொடுத்து, முண்டியடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். உள்ளே யார்? பிரபல பாடகியா? கயிற்றில் நடக்கும் வித்தைக்காரரா? இல்லை... ஒரு மாடு!

சும்மா நின்று அசைபோட்டுக்கொண்டிருந்த அந்த மாட்டைப் பார்க்க, ஒரே நாளில் வசூலான கட்டணம் 97 பவுண்டு. ஒரு பண்ணைக்கூலி வருஷம் முழுக்க 'மாடாய்' உழைத்தாலும் அதில் பாதியைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாத காலம் அது!

அந்த மாட்டின் பெயர் 'டர்ஹாம் ஆக்ஸ்'. இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாம் பகுதியில் கெட்டன் என்ற ஊர்ப் பண்ணையில் 1796-ல் பிறந்தது. ஐந்து வயதில் அதன் எடை சுமார் 1,370 கிலோ! 1801 பிப்ரவரியில் ஒருவர் அதை 140 பவுண்டுக்கு வாங்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதற்காகத் தனியாக ஒரு வண்டியும் செய்தார். ஐந்து வாரம் சுற்றிக் காட்டிய பிறகு, ஜான் டே என்பவர் வண்டியோடு சேர்த்து 250 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் வேடிக்கை. அதே வருஷம், "525 பவுண்டு தருகிறோம், கொடுங்கள்" என்று கேட்டு வந்தார்கள். பிறகு ஆயிரம். அதற்கும் பிறகு இரண்டாயிரம்! ஜான் டே மசியவில்லை. மாட்டை விற்பதைவிடக் காட்டுவதில்தான் காசு என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கிட்டத்தட்ட ஆறு வருஷம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து முழுக்க அதைச் சுற்றிக் காட்டினார்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு பட்டியில் ஆறேழு மாதக் கன்றுகள் இருபது நிற்கின்றன. அத்தனையும் ஒரே நிறம், ஒரே சாயல். இவற்றில் எது அடுத்த வருஷக் கண்காட்சியில் ரிப்பன் வாங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். கடந்த இருநூறு வருஷங்களில் இந்தக் கேள்விக்கு மனிதர்கள் தப்பான பதில் சொன்னபோதெல்லாம், அதற்கான தண்டனையை அனுபவித்தது மாடுகள்தான்!

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் காளையைக் காயடித்தால் அது ஏருக்கும் வண்டிக்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், கண்காட்சிக்கு வரும் காயடித்த இளங்காளை - 'ஸ்டியர்' என்பார்கள் - கறிக்காகவே வளர்க்கப்படுவது. அதன் அழகு என்பது கொம்பிலோ திமிலிலோ இல்லை. தோலுக்குள் எங்கே, எவ்வளவு சதை இருக்கிறது என்பதில்தான். தோலை உரிக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். நடுவரின் வேலை அதுதான்.

இந்தக் கலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ராபர்ட் பேக்வெல். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் பக்கம் டிஷ்லி என்ற ஊர்க்காரர். 1725-ல் பிறந்து 1795-ல் இறந்தவர். 'எலும்பு சின்னதாக இருக்கணும், நல்ல கறி விழும் இடங்களில் சதை நிறைய இருக்கணும்' என்பது அவருடைய கணக்கு. அப்படிப்பட்டவற்றையே பொறுக்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்து, அந்தக் குணத்தைக் கெட்டிப்படுத்தினார். தான் வளர்த்த பிராணிகளின் எலும்புக்கூடுகளையும் உப்பில் ஊறப்போட்ட கறித்துண்டுகளையும்கூட வீட்டில் வைத்திருந்தார். வெளியே பார்த்ததையும் உள்ளே இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான்! கண்ணை மட்டும் நம்பாத மனுஷர்.

அவர் வழியைப் பின்பற்றியவர்கள்தான் டர்ஹாம் பகுதியின் சார்லஸ் காலிங், ராபர்ட் காலிங் என்ற சகோதரர்கள். டர்ஹாம் ஆக்ஸ் பிறந்த கெட்டன் பண்ணை சார்லஸுடையது.

'காயடித்த மாட்டுக்கு வாரிசே கிடையாதே, அதற்குப் பரிசு கொடுத்தால் இனத்துக்கு என்ன ஆகிவிடும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அந்த மாட்டுக்கு அப்பன் உண்டே! டர்ஹாம் ஆக்ஸின் தகப்பன் 'ஃபேவரிட்' என்ற பொலிகாளை. அதே ஃபேவரிட்டுக்குப் பிறந்த 'காமெட்' என்ற காளை, 1810-ல் கெட்டன் பண்ணை ஏலத்துக்கு வந்தபோது ஆயிரம் கினி கொடுத்து வாங்கினார்கள். மகன் ஊர் ஊராய்ப் போய் விளம்பரம் செய்கிறான். தகப்பனின் ரத்தத்துக்கு விலை ஏறுகிறது! கண்காட்சியில் ஸ்டியருக்குக் கட்டும் ரிப்பன், உண்மையில் அதன் அப்பனுக்கும் அம்மாவுக்கும் கட்டுவதுதான். அடுத்த தலைமுறை எப்படிப் பிறக்க வேண்டும் என்பதை அந்த ரிப்பன்தான் முடிவுசெய்கிறது.

அந்தக் காலத்தில் 'நல்ல மாடு' என்றால் கொழுத்த மாடு. அதிலும் அர்த்தம் இருந்தது. கொழுப்புதான் மெழுகுவத்தி. கொழுப்புதான் உடம்பு நோக உழைப்பவனுக்குத் தெம்பு. பண்ணையிலிருந்து பட்டணத்துச் சந்தைக்கு மாடுகள் நடந்தே போக வேண்டும். வழியில் கரைவதற்கும் கொஞ்சம் சதை வேண்டுமே! லண்டன் ஸ்மித்ஃபீல்டில் 1798-ல் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்து, 1799 டிசம்பரில் முதல் கண்காட்சியும் நடத்திவிட்டார்கள்.

மாட்டுக்காரர்கள் தங்கள் பரிசு மாடுகளைப் படமாக வரைந்து மாட்டிக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள். நியூகாஸில் பக்கத்து ஓவியர் தாமஸ் பியூவிக் மரத்தில் செதுக்கிப் படம் போடுவதில் மன்னர். பார்ம்ப்டன் என்ற ஊருக்குக் கால்நடைகளை வரையப் போனபோது நடந்ததைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கொழுப்பே தெரியாத இடங்களிலும் திரட்சியாகக் கொழுப்பு இருப்பதாக வரையச் சொன்னார்களாம்! மனுஷர் மறுத்துவிட்டார். ஆனால், வரைந்துகொடுக்க வேறு ஓவியர்கள் இருந்தார்கள். இன்றும் பழைய பிரிட்டிஷ் ஓவியங்களில் பாருங்கள்... தீப்பெட்டிக்கு நாலு தீக்குச்சிக் காலும் ஒரு சின்னத் தலையும் ஒட்டவைத்த மாதிரி மாடுகள் நிற்கும்!

இந்தத் தூரிகையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு உருவத்தில் வரும்.

கண்காட்சி மோகம் அட்லான்டிக்கைத் தாண்டியது. 1807-ல் எல்கானா வாட்சன் என்பவர் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் இரண்டு மெரினோ ஆடுகளைப் பொது இடத்தில் கட்டிவைத்துக் காட்டினார். கூட்டம் கூடியது. 'இரண்டு ஆட்டுக்கே இவ்வளவு கூட்டமா!' என்று யோசித்தவர், 1810-ல் கால்நடைக் கண்காட்சியே நடத்தினார். அமெரிக்காவின் மாவட்டக் கண்காட்சிகளுக்கெல்லாம் அதுதான் விதை.

1900 டிசம்பரில் சிகாகோவின் மாபெரும் கால்நடைச் சந்தையில் சர்வதேசக் கண்காட்சி தொடங்கியது. முதல் வருஷ சாம்பியன், 'அட்வான்ஸ்' என்ற கறுப்பு ஆங்கஸ் ஸ்டியர். ஏலத்தில் உயிர் எடைக்கு, ஒரு பவுண்டுக்கு (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) ஒன்றரை டாலர்! சாதாரண மாட்டுக்குக் கிடைத்ததோ சில சென்ட்டுகள்தான்.

இரண்டே வருஷத்தில், 1902-ல், ஓஹையோவில் ஏ.பி.கிரஹாம் என்ற பள்ளி அதிகாரி பிள்ளைகளுக்காக ஒரு விவசாயக் கிளப் ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு 'ஃபோர்-ஹெச்' என்ற பெரிய இயக்கமாக வளர்ந்தது. தொடக்கத்தில் சோளமும் தோட்டமும். பிறகு கன்றுக்குட்டியும் சேர்ந்துகொண்டது. கன்றைப் பொறுக்கி, வளர்த்து, மேடையேற்றும் வேலை பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் கைக்கு வந்தது.

அப்படி ஒரு பிள்ளையோடு நீங்களும் அந்தப் பட்டிக்குள் வாருங்கள். எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

முதலில் பார்க்க வேண்டியது மாட்டை இல்லை... காலண்டரை! அக்டோபரில் கன்று வாங்குகிறீர்கள். கண்காட்சி ஆகஸ்டில். நடுவில் சுமார் 300 நாள். பால் மறந்த கன்று 270 கிலோ இருக்கிறது, மேடையில் 600 கிலோ வேண்டும் என்றால், 330 கிலோ ஏற வேண்டும். அதாவது, நாள் ஒன்றுக்கு 1.1 கிலோ. நன்றாகத் தீனி போட்டால் நடக்கும். ஆனால், கன்று 180 கிலோதான் என்றால்? நாளுக்கு 1.4 கிலோ! கஷ்டம். எவ்வளவு அழகான கன்றாக இருந்தாலும் 'போயிட்டு வா ராஜா' என்று விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது கால். விவரம் தெரிந்தவர்கள் குளம்பிலிருந்து மேலேதான் பார்ப்பார்கள். கன்றை நடக்கவிடுங்கள். முன்னங்கால் குளம்பு பதிந்த இடத்திலேயே பின்னங்கால் குளம்பும் வந்து விழுகிறதா? நல்லது. பின்னங்கால் கம்பு நட்ட மாதிரி விறைப்பாக இருந்தாலும் ஆகாது, அரிவாள் மாதிரி அதிகம் வளைந்திருந்தாலும் ஆகாது. இன்னும் 300 கிலோவை இந்தக் கால்கள்தானே தாங்கப்போகின்றன!

பிறகு பக்கவாட்டில் வந்து நில்லுங்கள். முதுகு தோளிலிருந்து வால் அடிவரை ஓரளவு நேர்க்கோடாக இருக்கணும். விலா வெளிப்பக்கம் வளைந்து, வயிற்றுப் பகுதி ஆழமாக இருக்கணும். தீனி தங்க இடம் வேண்டுமே! முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பைக் கவனியுங்கள். நீளமாக இருந்தால் இது உயரமாக வளரும் ஜாதி.

கடைசியாகப் பின்பக்கம். உதை படாத தூரத்தில் நின்று பாருங்கள்! தொடையின் நடுப்பகுதிதான் அகலமாக இருக்க வேண்டும். மேலே வால் அடியில் அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால், அது பெரும்பாலும் கொழுப்பு. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். தாய்ப்பாலும் தீனியும் தாராளமாகத் தின்ற குண்டுக் கன்றைப் பார்த்து 'ஆகா, என்ன சதை!' என்று மயங்கிவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முன்னங்காலின் மேல்பகுதியைப் பாருங்கள். அங்கே கொழுப்பு அவ்வளவாகச் சேராது. அங்கே திரட்சி தெரிந்தால் அது நிஜமான சதை.

இத்தனையும் சரியாக இருந்து, கன்று தலையைத் தூக்கி, மூலையில் முட்டிக்கொண்டு, ஆளைக் கண்டாலே மிரள்கிறதா? விட்டுவிடுங்கள். பத்து மாதம் முகக்கயிற்றைப் பிடிக்கப்போவது ஒரு சின்னப் பிள்ளை!

இவ்வளவுதான் பாடம். ஆனால், நான் சொன்னது இன்றைய பாடம். இதே பட்டியில் 1950-ல் நின்றிருந்தால், அந்தக் காலத்து நடுவர் வேறு கன்றைக் காட்டியிருப்பார்.

அன்றைய நாகரிகம், குட்டைக் கால். தரையை உரசுகிற வயிறு, கட்டையான கழுத்து, சதுரப் பெட்டி மாதிரி உடம்பு. சீக்கிரமே கொழுத்துவிடும், சின்னக் குடும்பத்துக்குத் தோதான அளவில் கறி கிடைக்கும் என்ற நியாயத்தில் ஆரம்பித்தது இது. போகப்போக, 'இன்னும் குட்டை... இன்னும் குட்டை' என்று போட்டியாகிவிட்டது. நடுவர்கள் குட்டைக்கு ரிப்பன் கொடுத்தார்கள். பண்ணைக்காரர்கள் குட்டைக் காளைகளைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

அப்போதுதான் தொழுவத்தில் விபரீதக் கன்றுகள் பிறக்க ஆரம்பித்தன. நெற்றி புடைத்து, கால் சூம்பி, வயிறு ஊதி, மூச்சுவிடவே திணறும் குள்ளக் கன்றுகள். மூச்சு இழுக்கும் சத்தத்தை வைத்தே 'ஸ்னார்ட்டர்' என்று பெயர் வைத்தார்கள். ஹெர்ஃபோர்டு இனத்தில்தான் அதிகம், ஆங்கஸிலும் உண்டு.

காரணம், மறைந்திருக்கும் ஒரு பரம்பரைக் கூறு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் மாடு நன்றாகவே இருக்கும். அப்பன், அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் குள்ளன். அதை மறைத்துச் சுமக்கிற காளையும் பசுவும் சேர்ந்தால், நாலில் ஒரு கன்று குள்ளமாகப் பிறக்கும். நாலில் இரண்டு, வெளியே தெரியாமல் அதைச் சுமக்கும். சுமக்கிற மாடுகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கட்டையாக, கெட்டியாக இருந்ததால்தான் நடுவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். அதாவது, நோயைப் பார்த்துப் பார்த்து ரிப்பன் கட்டியிருக்கிறார்கள்!

பண்ணைக்காரர்கள் பாடு திண்டாட்டம். தன் தொழுவத்தில் குள்ளன் பிறந்தது வெளியே தெரிந்தால் மொத்த மந்தைக்கும் விலை போய்விடும். ஆகவே, பலர் வாயைத் திறக்கவில்லை. மாட்டின் நெற்றி வளைவை அளந்து, அது சுமக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு கருவிகூடச் செய்து பார்த்தார்கள். நம்பகமான வழி ஒன்றுதான் இருந்தது. குள்ளக் கூறு இருப்பது உறுதியான பசுக்களோடு காளையைச் சேர்ப்பது. வரிசையாக 16 கன்றும் நல்லபடியாகப் பிறந்தால், காளை சுத்தம் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நம்பலாம். ஒரு குள்ளன் பிறந்தால் போதும், புகழ்பெற்ற காளையும் ரத்தமும் அடிமாட்டு விலைக்கு!

பெண்டுலம் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கமும் வரும் அல்லவா? 1969 சிகாகோ கண்காட்சியில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் குட் நடுவர். அவர் சாம்பியனாகக் கைகாட்டியது 'கொனோகோ' என்ற கலப்பின ஸ்டியரை. ஆங்கஸும் பிரெஞ்சு ஷாரொலேயும் கலந்தது. உயரமாக, கொழுப்பு குறைவாக, சதை கூடுதலாக! சுத்த ரத்தப் பெருமை பேசிய வட்டாரங்களில் பெரிய சலசலப்பு.

நல்ல திருப்பம்தான். ஆனால், அதையும் நாம் அளவோடு நிறுத்துவோமா? இப்போது 'இன்னும் உயரம்... இன்னும் உயரம்' என்று ஆரம்பித்தது. இடுப்பு உயரத்தை அளவுகோல் வைத்து அளந்தார்கள். இத்தாலியிலிருந்து, உலகத்திலேயே உயரமான கியானினா இனத்தின் விந்தைக்கூடத் தருவித்தார்கள். 1980-களில் மேடையேறிய ஸ்டியர்கள், பக்கத்தில் நின்ற பிள்ளைகளை மறைத்தன. அவ்வளவு உயரமான மாடு பக்குவப்பட நாளாகும், தீனி அதிகம் தின்னும். பெரிய கன்றை ஈன முடியாமல் பசுக்கள் தவித்தன. அப்புறம்தான் ஒரு நிதானத்துக்கு வந்தார்கள்.

ரிப்பனுக்குப் பின்னால் பணமும் பெருகியிருந்தது. 1994-ல் ஓஹையோ மாநிலக் கண்காட்சியில் பரிசு வாங்கிய பிராணிகளைச் சோதித்தபோது, சதையை முறுக்கேற்றும் தடைசெய்யப்பட்ட மருந்து சிக்கியது. அது மட்டுமா? பள்ளம் தெரிந்த இடங்களை நிரப்ப, ஸ்டியரின் தோலுக்கடியில் சமையல் எண்ணெயை ஊசியால் ஏற்றியிருந்ததும் வெளியே வந்தது. ஞாபகம் இருக்கிறதா அந்தத் தூரிகை? இருநூறு வருஷம் முன்னால் மாட்டின் படத்தில் இல்லாத கொழுப்பை வரையச் சொன்னார்கள். இப்போது மாட்டின் மேலேயே வரைந்துவிட்டார்கள்!

இன்று தோலுக்குள்ளே பார்க்க அல்ட்ராசவுண்டு இருக்கிறது. குள்ளக் கூறு மாதிரியான குறைகள் பலவற்றை மரபணுச் சோதனையில் கண்டுபிடித்துவிடலாம். ஆனாலும், பட்டிக்குள் நிற்கும் பிள்ளைக்குக் கண்தான் முதல் கருவி. ஆகவே, கன்றைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். 'நடுவருக்கு இது பிடிக்குமா?' என்பது ஒன்று. 'இந்த உடம்போடு வாழ்வது இந்தக் கன்றுக்குச் சுலபமா?' என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், முதல் கேள்வியை மறந்துவிடுவது உத்தமம்.

அந்தப் பிள்ளைக்கு இன்னொன்றும் தெரியும். ரிப்பன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பத்து மாதம் தேய்த்துக் குளிப்பாட்டிய ஸ்டியர் பெரும்பாலும் ஏலத்துக்குத்தான் போகும், அங்கிருந்து கசாப்புக்கு. ஒவ்வொரு கண்காட்சியிலும், வெறும் முகக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம்.

டர்ஹாம் ஆக்ஸின் முடிவு என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே... 1807 பிப்ரவரி, ஆக்ஸ்ஃபோர்டு நகரம். காட்சிக்கு வந்த இடத்தில் அதற்கு இடுப்பு மூட்டு நழுவிவிட்டது. இரண்டு மாதம் பார்த்தார்கள். தேறவில்லை. ஏப்ரல் 15 அன்று வெட்டிவிட்டார்கள். வலியில் இளைத்துப்போன பிறகும் கறி மட்டும் சுமார் 1,050 கிலோ தேறியது.

அது ஒரு விபத்துதான். ஆனாலும், இத்தனை வருஷம் அந்த மாட்டைப் பார்க்க வந்த ஜனங்கள் எல்லாரும் அதன் முதுகையும் வயிற்றையும்தான் வாய்பிளந்து பார்த்தார்கள். அத்தனையையும் சுமந்துகொண்டு நின்ற அந்த நாலு கால்களை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?